இடுப்பளவுத் தண்ணீர்

மெஷினக்காவின் நாத்தனார் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போகிறாள் என்ற சேதி பரவிய மறுநாளே, பின்வீட்டுப் பெண் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். இது ஊசி போடுகிற டாக்டர் இல்லை, வேறு என்று சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேறு என்றால் என்ன வேறு என்று கேட்டால் மெஷினக்காவுக்கும் சொல்லத் தெரியாது. சுற்றுச்சூழல் வடிவமைப்பும் திட்டமிடலும் என்று நாத்தனார் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தும் பாதியிலேயே அவளுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஊரில் வீடு எங்கே இருக்கலாம், மரம் எங்கே நிற்கலாம், தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று கண்டுபிடிக்கிற படிப்பு என்று தன் போக்கில் விளக்கம் சொல்வாள். எதிர்வீட்டு பிளம்பர், தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று தான் படிக்காமலே சொல்லிவிடுவேனே என்று கிண்டலடித்தான். கிண்டலோ கேலியோ, அன்றிலிருந்து தெருவே நாத்தனாரை டாக்டரு என்றுதான் கூப்பிட்டது.

மெஷினக்கா என்ற பேர் தையல் மெஷினால் வந்தது. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின், அதன் காலடியில் வெட்டுத்துணிக் குவியல், ஆணிக்கு ஆணி தொங்குகிற பள்ளிக்கூடச் சீருடைகள். பள்ளி திறக்கிற சமயத்தில் அந்த வீட்டில் மனுஷர் உட்கார இடமிருக்காது. புருஷன் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். மாமியார் கண்ணை மூடியபோது நாத்தனாருக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயசு. தலை வாரிவிட்டு, சோறு போட்டு, காய்ச்சலில் பக்கத்திலேயே கிடந்து வளர்த்தவள் அண்ணிதான். அவளுக்குப் பிள்ளையில்லை. அந்தப் பேச்சை யாராவது எடுத்தால், எனக்கா இல்லை, காலேஜில் படிக்கிறதே ஒன்று என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மெஷினை வேகமாக மிதிப்பாள். எதிராளி அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார்.

அந்தத் தெரு பெரிய சாலையைவிடத் தாழ்ந்து கிடந்தது. சாலைக்குத் தார் போடப் போட அது உயர்ந்துகொண்டே போனது, தெரு அப்படியே இருந்தது. பின்னால் மழைநீர்க் கால்வாய். ஒரு வருஷம் பேய்மழை கொட்டியதில் கால்வாய் பொங்கி வீடுகளுக்குள் வந்துவிட்டது. முழங்கால் அளவு. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இல்லை. மெஷினக்கா துணிகளையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே ஸ்டவ்வைப் பக்கத்தில் வைத்துச் சமைத்தாள். மெஷினின் மிதி முங்கிப் போச்சே என்றுதான் அதிகம் புலம்பினாள். வடிந்ததும் தெருவே சேர்ந்து சேறு தள்ளியது. சுவர் காய்ந்தும் காயாமலும் எல்லாரும் வெள்ளையடித்துவிட்டார்கள். கறை தெரிந்தால் குடிவருகிறவன் வாடகையைக் குறைத்துக் கேட்பான், வேறென்ன. இதையெல்லாம் நாத்தனார் பார்க்கவில்லை, அவள் விடுதியில் இருந்தாள். புருஷனும் வண்டியோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

நாத்தனார் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அந்த மழையைத்தான். தண்ணீர் எங்கெங்கே எவ்வளவு நின்றது என்று வரைபடம் போட்டு, அதன்படி ஊரை எப்படித் திட்டமிடலாம் என்று எழுதவேண்டும். மேடு பள்ளம் அளக்கக் கருவி இருந்தது. தண்ணீர் நின்ற உயரத்தை அளக்கச் சுவரில் கறை வேண்டுமே, அது வெள்ளைக்கு அடியில் போய்விட்டது. அதனால் வீட்டுக்காரரே சுவரோரம் நின்று இதுவரை வந்தது என்று கையை வைத்துக் காட்டவேண்டும், இவள் டேப்பைப் பிடித்து அளந்து படமெடுத்துக்கொள்வாள். மக்கள் ஞாபகத்துக்கு மிஞ்சின சாட்சி கிடையாது என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருக்கிறாராம்.

இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்னால் அவள் வேறு ஏதோ பேட்டையில் அளந்து கொண்டுபோனதில் பேராசிரியருக்குத் திருப்தியில்லை. வீட்டுக்கு வந்தவள் தோழியிடம் போனில் அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தரவில் வலுவே இல்லை என்கிறார், இந்தத் தெருவும் இப்படியே வந்தால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார், செய்த வேலையெல்லாம் பாழ். மெஷினக்கா காதில் விழுந்தது. வலு இல்லை என்றால் அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான்: தண்ணீர் போதவில்லை.

சீருடை தைக்கிறவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளர்கிற பிள்ளை என்று இடுப்பிலும் விளிம்பிலும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பாள். கூடினால் பிடித்துக்கொள்ளலாம், குறைந்தால் என்ன செய்வது. அதே யோசனையில், தைத்த துணிகளைக் கொடுக்கப் போன வீடுகளிலெல்லாம் சொல்லி வைத்தாள். நம் பெண் அளக்க வருவாள், கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள், இடுப்பளவு என்று சொல்லுங்கள். யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பிளம்பர் மட்டும் கேட்டான்.

"முழங்கால் போதாதாக்கா?"

"முழங்காலுக்கெல்லாம் யாரு தம்பி டாக்டர் பட்டம் குடுப்பாங்க?"

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. நிவாரணம் கிவாரணம் வரும் என்றுகூட யாரும் நினைக்கவில்லை. நம் தெருவிலிருந்து ஒருத்தி பெரிய படிப்புப் படிக்கிறாள், அவளுக்கு நம்மால் ஆனது என்றுதான் நினைத்தார்கள். கொடுக்க அவர்களிடம் வேறென்ன இருந்தது?

நாத்தனார் தொப்பியும் பையுமாக வீடு வீடாகப் போனாள். எல்லாரும் நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், சுவரோரம் விறைப்பாக நின்று இடுப்பில் கையை வைத்துக் காட்டினார்கள். மெஷினக்காவும் தன் வீட்டுச் சுவரில் காட்டினாள். டேப்பின் நுனியைக் குனிந்து பிடித்திருந்த நாத்தனாரின் உச்சந்தலை அவளுக்குத் தெரிந்தது. வெயிலில் அலைந்து முடியெல்லாம் செம்பட்டை பாய்ந்துவிட்டதே, எண்ணெய் வைத்துவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி வருகிறது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னது உறுதிப்படுத்துகிறது, இப்படிச் சுத்தமான தரவை என் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றாராம். ஒரே மாதிரி வராமல் என்ன செய்யும், ஒரே ஆள் சொல்லிக்கொடுத்தது. நாத்தனார் அன்றைக்கு இனிப்பு வாங்கி வந்தாள். மெஷினக்கா ஒன்றும் தெரியாதவள் போல இரண்டு துண்டு கூடவே தின்றாள்.

பேராசிரியர் நகரத் திட்டக் குழுவிலும் ஓர் அங்கத்தினர். அந்த வரைபடத்தை அவர் குழுவில் வைத்தார். எல்லாம் நல்லெண்ணத்தில்தான், அவரைக் குறை சொல்லி என்ன செய்ய. ஆய்வேட்டை நாத்தனார் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த கொஞ்ச நாளில், தெரு முனையில் இருந்த டிரான்ஸ்பார்மர் வேலியில் ஒரு பெரிய அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போனார்கள். கால்வாயை ஒட்டிய இந்தப் பகுதி இனி நீர் தங்கும் பகுதி. மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது. இருக்கிற வீடுகள் படிப்படியாக அகற்றப்பட்டு, குடும்பங்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் தரப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் விசாரணையில் சொல்லலாம். பக்கத்திலேயே வரைபடம். தெரு முழுக்க நீலம். மூலையில் பொடி எழுத்தில் நாத்தனாரின் பேர்.

முதலில் பேரைப் பார்த்து, பேப்பரில் வந்துவிட்டாளே நம் டாக்டரு என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சண்டைக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தால் மெஷினக்கா பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்க வந்தவர்கள்கூட, ஊருக்குப் போகிறோம், அப்புறம் தருகிறோம் என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். இடுப்பளவு என்று சொல்லச் சொன்னது யார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

நாத்தனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நம் வீடும் அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் அண்ணி, தெரிந்துதான் வரைந்தேன் என்றாள். கண் வீங்கியிருந்தது. ராத்திரியில் தண்ணீர் இடுப்புக்கு வந்தால் குழந்தைகள் என்ன ஆகும், நம் வீடு என்பதற்காக உண்மையை மாற்றி எழுத முடியுமா, என்மேல் கோபப்படுங்கள், ஆனால் நான் செய்தது சரி என்றாள். மெஷினக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் துளைக்குள் போகவே மாட்டேன் என்றது.

"தண்ணி அவ்வளவு வரலைடி."

"என்ன அண்ணி?"

"முழங்காலுக்குத்தான் வந்துச்சு. நான்தான் எல்லார்கிட்டயும் கூட்டிச் சொல்லச் சொன்னேன். உனக்கு வலு இல்லைன்னு அழுதியே, அதான்."

நாத்தனாருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் கத்தவில்லை, திட்டவில்லை. வெட்டுத்துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லா வீட்டுலயுமா?"

"எல்லா வீட்டுலயும்."

"ஒருத்தர்கூடவா அண்ணி உண்மையைச் சொல்லலை?"

"உன்மேல அவ்வளவு பிரியம்டி அவங்களுக்கு," என்றாள் மெஷினக்கா. நாலு அறை அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பாள். நாத்தனார் ஒரு துணித் துண்டை எடுத்து விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அழவும் இல்லை.

மறுநாள் இருவரும் பேராசிரியரிடம் போனார்கள். சுருட்டி வைத்த வரைபடங்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார், நல்ல மனுஷர், எழுந்து நாற்காலி போட்டார். மெஷினக்கா நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாசம்தான் பேசவைக்கிறது, எனக்குப் புரிகிறதம்மா என்றார். வீடு போகிறது என்ற பிறகு தண்ணீர் குறைவு என்று சொல்லாத ஊரே இல்லையாம். லாப நஷ்டம் தெரிவதற்கு முன்னால் மனிதர் சொல்வதுதான் நம்பத்தக்கது, தெரிந்த பிறகு சொல்வதற்கு மதிப்புக் குறைவு, இது இந்தத் துறையில் முதல் பாடம் என்றார். நாத்தனார் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பாடத்தை அவளே தன் ஆய்வேட்டில் ஒரு பத்தியாக எழுதியிருந்தாள். சார், என் அண்ணி பொய் சொல்லமாட்டார் என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

கால்வாய்க் கரையில் போய்க் கறை ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். நாத்தனார் தன் வீட்டுச் சுவரிலேயே வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தாள். வெள்ளையோடு காரையும் சேர்ந்து உதிர்ந்தது, அடியில் செங்கல்தான் இருந்தது. பக்கத்து வீட்டிலும் சுரண்டினாள், அங்கேயும் அதே கதி. வெள்ளம் வந்தபோது போனில் எடுத்த படம் யாரிடமாவது இருக்குமா என்று கேட்டால், கரண்டு இல்லாமல் முக்கால்வாசிப் பேர் போன் அணைந்து கிடந்ததாம். இருந்த ஒன்றிரண்டு படத்தில் தெருதான் தெரிந்தது, ஆழம் தெரியவில்லை.

விசாரணை நகராட்சிக் கூடத்தில் நடந்தது. மேலே காற்றாடிகள் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றின, கீழே ஒருத்தருக்கும் காற்று வரவில்லை. திட்ட அலுவலர் இளவயசுக்காரர், மரியாதையானவர். ஒவ்வொருவரையும் வாங்க என்று கூப்பிட்டு, சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்யச் சொன்னார். அத்தனை பேரும் முழங்கால் என்றார்கள். மெஷினக்கா தான் செய்ததையும் சேர்த்துச் சொன்னாள். அலுவலர் தலையாட்டிக்கொண்டார். பிளம்பர் முறை வந்தபோது, அன்றைக்கு நாத்தனார் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். சுவரோரம் பிளம்பர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நின்றான்.

"இது நீங்கதானே?"

"நான்தாங்க."

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"அப்ப சொன்னதுதாங்க பொய்."

"எதுக்காகப் பொய் சொன்னீங்க?"

"எங்க தெருப் பொண்ணு படிக்கணும்னு."

கூடத்தில் இருந்த மற்ற பேட்டைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அலுவலர்கூடச் சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டார். பிளம்பர் திரும்பித் திரும்பிப் பார்த்தான், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. வாழ்க்கையில் அவன் அத்தனை உண்மையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மெஷினக்கா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் தலைகீழாக நின்றாலும் இனி ஒருவரும் நம்பப்போவதில்லை.

நாத்தனாருக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஆய்வேட்டை எழுதினவர் அறிஞர்கள் முன்னால் நின்று வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். அங்கே எழுந்து, என் அளவு தப்பு என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள். பட்டம் போனால் போகட்டும், ஏட்டைத் தள்ளிவிட்டால் வரைபடமும் சேர்ந்து செல்லாமல் போகும் இல்லையா. சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். எத்தனை வருஷமாக ஓட்டின வண்டி, எத்தனை சீருடை, எல்லாம் எதற்காக என்று கேட்டார். வீடு போனால் எங்கேயாவது ஒண்டிக்கொள்ளலாம், படிப்பையும் சேர்த்துத் தொலைக்க வேண்டுமா என்றார். மெஷினக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். எந்தப் பக்கம் பேசினாலும் அவளுக்கு நஷ்டம்தான்.

"அவ சொல்லட்டும்ங்க," என்றாள் கடைசியில். "நான் செஞ்சதை அவதான் சரி பண்ணணும்னு இருக்கு, என்ன பண்றது?"

வாய்மொழித் தேர்வு அன்றைக்குத் தெருவிலிருந்து பாதிப் பேர் வேலைக்குப் போகாமல் கிளம்பி வந்தார்கள். நாத்தனார் ஏதோ சொல்லப்போகிறாள், அதைச் சொன்னால் வீடு பிழைக்கும் என்று மட்டும் மெஷினக்கா அவர்களிடம் சொல்லியிருந்தாள். நல்ல துணியாக உடுத்திக்கொண்டு கடைசி வரிசைகளில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் பேராசிரியரும் வெளியூர் அறிஞர்களும், அவர்களோடு திட்ட அலுவலரும்.

நாத்தனார் திரையில் படங்களைக் காட்டிப் பேசினாள். முதலில் குரல் நடுங்கியது, போகப் போகச் சரியாகிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சொன்னாள். இந்தத் தெருவில் நான் அளந்த உயரம் உண்மையல்ல. என்மேல் வைத்த அன்பால் மக்கள் கூட்டிச் சொன்னார்கள், சொல்லச் சொன்னவர் என்னை வளர்த்தவர், அதைக் கண்டுபிடிக்கத் தவறியது நான். ஆகவே இந்த வரைபடம் தவறு, இதை ஏற்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மெஷினக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். சொல்லிவிட்டாள், அவ்வளவுதான், தள்ளிவிடப் போகிறார்கள், பட்டம் போச்சு, வீடு பிழைத்தது என்று ஒரே நொடியில் அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன.

அறிஞர்கள் குனிந்து தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூத்தவர் ஒருவர் எழுந்தார். தன் ஆய்வின் குறையைச் சபையில் இத்தனை நேர்மையாக எடுத்துவைத்த மாணவியைத் தான் சமீபத்தில் கண்டதில்லை என்றார். களத்தில் இறங்குகிறவர்களுக்கு இப்படி நேர்வது சகஜம்தான் என்றும், ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில் இதையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டால் போதும் என்றும் சொன்னார். முறை சரியாக இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, பட்டத்துக்கு மனப்பூர்வமாகப் பரிந்துரைக்கிறோம்.

"அப்ப அந்த வரைபடம், ஐயா?" என்று நாத்தனார் கேட்டாள். மைக் அணைந்திருந்ததால் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. மெஷினக்காவுக்கு உதட்டசைவிலேயே புரிந்தது.

அது நிர்வாகத்தின் விஷயம், நாங்கள் சோதிக்க வந்தது உங்கள் ஆராய்ச்சியை என்றார் மூத்தவர். குரலில் கனிவுதான் இருந்தது. முன்வரிசை கைதட்டியது. பின்வரிசைகளும் எழுந்து நின்று, பலமாக, வெகுநேரம் தட்டின. பேசினதில் பாதி அவர்களுக்குப் புரியவில்லை. டாக்டர் ஆகிவிட்டாள் என்று புரிந்தது, ஏதோ சொல்லப்போகிறாள் என்றார்களே, அதையும் சொல்லிவிட்டாள்.

திட்ட அலுவலர் வந்து நாத்தனாருக்கு வாழ்த்துச் சொன்னார். பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டுவிட்ட ஆய்வு, இனி எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் எங்கள் திட்டம் நிற்கும், ரொம்ப நன்றி மேடம் என்றார். பேராசிரியருக்குக் கண் கலங்கியிருந்தது. புருஷன் தங்கச்சியின் தலையில் கையை வைத்து எடுத்துவிட்டு, வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

தாழ்வாரத்தில் பேப்பர் தட்டில் பிஸ்கட்டும் டீயும் வைத்திருந்தார்கள். தெருக்காரர்கள் நாத்தனாரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் சிரித்துப் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. பிளம்பரின் பெண்சாதி நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீ சொல்லிட்டேல்ல கண்ணு, அவ்வளவு பெரிய மனுஷங்களே கைதட்டினாங்க. இனிமே நம்ம வீட்டை யாரும் தொட முடியாதுல்ல?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். அவள் கண்ணில் நீர் திரண்டு நிற்பதைப் பார்த்து, சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை பாவம் என்று யாரோ சொன்னார்கள். மெஷினக்காவுக்கு அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இத்தனை பேர் முன்னால் இந்தப் பெண் என்ன ஆவாள்? இன்றைக்கு ஒரு நாளாவது அவள் டாக்டராக இருந்துவிட்டுப் போகட்டுமே.

"தொட முடியாது," என்றாள் மெஷினக்கா. "அதான் சொல்லிட்டாள்ல."

பிளம்பரின் பெண்சாதி சரி என்று தலையாட்டிவிட்டு, நிம்மதியாக ஒரு டீயை எடுத்துக்கொண்டாள்.